தட்டைக்கல்லில் ஸ்டேக் சுடும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை மாலை நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் புதிய கிரிடிலின், அதாவது பர்னர்களின் மேல் அமைந்த அந்தப் பெரிய தட்டைக்கல்லின் நடுவே, மாட்டின் விலாப்பகுதியில் வெட்டிய இரண்டு ரிப்ஐ ஸ்டேக் துண்டுகளும் அவித்த கறியைப் போலச் சாம்பல் பூத்துக் கிடந்தன. அவற்றைச் சுற்றி இளஞ்சிவப்பாகத் தண்ணீர் தேங்கி, ஓரங்களில் நுரை கட்டியிருந்தது. கல்லை விற்றுவிட்டுக் கரி அடுப்பு வாங்கப் போவதாக அதன் கீழே எழுதியிருந்தாய். தொலைபேசியில் சொல்லி முடிக்கிற செய்தியாக இல்லாததால், உட்கார்ந்து எழுதுகிறேன். கல்லை விற்காதே. நம் அம்மாக்களின் தோசைக்கல்லை அறிந்த கைக்கு இந்தக் கல் எளிதில் வசப்படும். ஆனால் தோசைக்குச் செய்வதில் சிலவற்றை இங்கே அப்படியே தலைகீழாகச் செய்ய வேண்டும்.

டெக்சாசுக்குக் குடிவந்த முதல் கோடையில் எனக்கும் இதுவே நேர்ந்தது. விருந்தினர் வந்திருந்த வேளையில், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ஆறு துண்டுகளை ஈரம்கூடத் துடைக்காமல் ஒரே நேரத்தில் கல்லில் அடுக்கினேன். முதல் சில நொடிகள் கேட்ட சீறல், பிறகு அடங்கி, கொதிக்கும் ஓசையாக மாறியது. அந்த ஓசை மாற்றம்தான் இதில் எல்லாவற்றையும் சொல்கிறது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. பூச்சிய டிகிரி தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படும் வெப்பத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேலான வெப்பம், அதே தண்ணீரை ஆவியாக்கத் தேவைப்படுகிறது. கறியின் மேல் ஈரம் இருக்கும் வரை கல் தன் சூட்டையெல்லாம் அந்த ஈரத்தை விரட்டுவதிலேயே செலவழிக்கும். கறியின் மேற்பரப்பு 100 டிகிரி செல்சியசைத் தாண்டாது. ஸ்டேக்கின் மேல் நாம் விரும்பும் பழுப்பு மொறுமொறுப்போ, சுமார் 140 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் விரைந்து உருவாகிறது. புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் தரும் அந்த வினையை 1912-இல் விவரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் மயார். அதனால் அவர் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள்.

ஆகவே வேலை முந்தைய நாள் இரவே தொடங்குகிறது. ஒன்றரை அங்குலத் தடிமனுள்ள துண்டுகளையே வாங்கு. மெலிந்த துண்டு, மேற்புறம் சிவக்கும் முன்பே உள்ளே முழுக்க வெந்துவிடும். இரு பக்கமும் கல்லுப்புத் தூவி, ஒரு கம்பித் தட்டின் மேல் வைத்து, மூடாமல் குளிர்பெட்டியில் விட்டுவிடு. உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும். பிறகு அந்த உப்புநீரைக் கறியே திரும்ப உள்வாங்கிக்கொள்ளும். இரவு முழுவதும் படும் குளிர்காற்று மேற்பரப்பைக் காய வைத்துவிடும். காலையில் தொட்டுப் பார்த்தால் விரலில் ஈரம் ஒட்டாது. நிறமும் சற்றுக் கருத்திருக்கும். அதைக் கெட்டுப்போனதாக எண்ணிவிடாதே. இரவே செய்ய முடியாவிட்டால் குறைந்தது முக்கால் மணி நேரம் முன்னதாக உப்பிடு, அதுவும் முடியாவிட்டால் கல்லில் இடும் நொடியில் உப்பிடு. இடைப்பட்ட பத்து, இருபது நிமிடங்கள்தான் கெடுதலானவை, ஏனென்றால் அப்போது நீர் வெளியே வந்து நிற்கும், திரும்ப உள்ளே போயிருக்காது. எப்படியானாலும், இடுவதற்கு முன் பேப்பர் டவலால் அழுத்தி ஒற்றி எடு.

இனி கல்லின் சூடு. ஊரில் தோசை வார்ப்பதற்கு முன் அம்மா தண்ணீர் தெளித்துப் பார்ப்பது உனக்கு நினைவிருக்கும். தெளித்த தண்ணீர் "சுர்" என்று பொங்கி மறைந்தால் கல் பதம். அதைவிடச் சூடேறினால் மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டுகொண்டு வரும் என்பதால், மறுபடி தண்ணீர் தெளித்து, துடைத்து, கல்லை ஆற்றுவோம். ஸ்டேக்குக்கு அந்தப் பதம் போதாது. தெளித்த துளி உடனே மறையாமல், பாதரச மணியைப் போல உருண்டு கல்லின் மேல் ஓட வேண்டும். துளிக்கும் இரும்புக்கும் இடையே ஆவியே ஒரு மெத்தையாக நின்று துளியைத் தாங்கும் அளவுக்குக் கல் காய்ந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். தோசைக்கு ஆற்ற வேண்டிய இடம்தான் ஸ்டேக்குக்குத் தொடங்க வேண்டிய இடம். சூடு காட்டும் துப்பாக்கித் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கிக்கொள். 450 முதல் 500 டிகிரி ஃபாரன்ஹீட் வரை காட்டட்டும். பர்னர்களைப் பற்றவைத்த ஐந்தாவது நிமிடத்தில் கறியை இட்டதாகச் சொன்னாய். பத்துப் பதினைந்து நிமிடமாவது பொறுத்திரு.

அந்தத் தகடு அவ்வளவு பெரிதாக இருந்தாலும் எல்லா இடத்திலும் ஒரே சூடு இருக்காது. எஃகு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆனால் பக்கவாட்டில் விரைவாகப் பரப்பாது. பர்னருக்கு நேர் மேலே உள்ள இடத்துக்கும் இரண்டு பர்னர்களுக்கு நடுவே உள்ள இடத்துக்கும் பெருத்த வேறுபாடு உண்டு. ஒரு பாக்கெட் மலிவான ரொட்டி வாங்கி, கல் முழுவதும் இடைவெளியின்றிப் பரப்பி, இரண்டு நிமிடம் கழித்து வரிசை குலையாமல் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார். எது கருகியது, எது வெளுத்தே இருக்கிறது என்பது உன் கல்லின் வரைபடமாக உன் முன்னால் கிடக்கும். என் கல்லில் வலப்பக்கப் பின்மூலைதான் மிகவும் சூடானது. முன்வரிசை எப்போதும் மந்தம். பிறகு ஒரு பாதியை முழுச் சூட்டிலும் மறு பாதியைச் சிறு தீயிலும் வைத்துக்கொள். சிவந்த துண்டை உள்ளே வேக வைப்பதற்கு அந்த மந்தமான பாதி தேவைப்படும். நீ இருக்கும் ஒஹாயோவின் காற்றையும் மறந்துவிடாதே. தகட்டின் அடியில் காற்று புகுந்தால் தீ ஒரு பக்கமாகச் சாயும், அப்போது இந்த வரைபடமே மாறிவிடும்.

எண்ணெயைக் கொஞ்சமாகவும், எளிதில் புகையாமல் உயர்ந்த சூட்டைத் தாங்குவதாகவும் எடுத்துக்கொள். சுத்திகரித்த அவகாடோ எண்ணெய் நல்லது. துண்டை இட்டவுடன் தட்டையான எடையால் இருபது நொடி அழுத்திப் பிடி. கரி அடுப்பில் அனல் எல்லாப் பக்கமும் சூழ்ந்து வருகிறது. இங்கே இரும்பு தொட்ட இடம் மட்டுமே சிவக்கிறது, தொடாத இடம் வெளுத்தே நிற்கும். ஆனால் அழுத்துவது அந்தத் தொடக்கத்தில் மட்டும்தான். வெந்துகொண்டிருக்கும் கறியை அழுத்தினால் சாறு வெளியேறிவிடும். பிறகு ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பினாலும் தவறில்லை. ஒரே ஒரு முறைதான் திருப்ப வேண்டும் என்று சொல்பவர்கள் பலர் உண்டு. அடிக்கடி திருப்பும்போது உள்பக்கம் சீராக வேகிறது என்பதைப் பலமுறை அறுத்துப் பார்த்துத் தெளிந்திருக்கிறேன். கடைசியில் இடுக்கியால் துண்டை நிமிர்த்தி, ஓரத்துக் கொழுப்பு கல்லில் படும்படி ஒரு நிமிடம் நிறுத்து. வெள்ளையாக இருந்த கொழுப்பு கண்ணாடி போலத் தெளிந்து, உருகி வழிந்து, பொன்னிறமாகும். அந்த உருகிய கொழுப்பிலேயே வெங்காயத்தையும் காளானையும் வதக்கிக்கொள்ளலாம் என்பது கம்பி அடுப்பில் கிடைக்காத வரம்.

மேற்புறத்தைச் சுட்டு "மூடி" விட்டால் சாறு உள்ளேயே நிற்கும் என்று உன் நண்பர் சொன்னதாக எழுதியிருந்தாய். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக்கால் பரவிய கருத்து அது, சரியன்று. சுட்ட பின்னும் நீ கேட்கும் சீறல், சாறு வெளியேறும் ஓசைதான். சாற்றைக் காப்பது உள்ளே ஏறும் சூட்டின் அளவு மட்டுமே. அதனால் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரை நம்பு, கடிகாரத்தை நம்பாதே. உள்ளே இளஞ்சிவப்பு மாறாத மீடியம் ரேர் பக்குவம் என்பது 130 முதல் 135 டிகிரி ஃபாரன்ஹீட். எடுத்த பிறகும் உள்சூடு ஏறக்குறைய 5 டிகிரி ஏறும் என்பதால் 127-இலேயே எடுத்துவிடு. அமெரிக்க வேளாண்மைத் துறை முழுத் துண்டுகளுக்குச் சொல்லும் அளவு 145 டிகிரி, அதன்மேல் 3 நிமிட ஓய்வு. சித்தி இப்போது உன்னோடு இருக்கிறார், குழந்தைக்கும் மூன்று வயதுதான். அவர்கள் இருவரின் துண்டுகளை அந்த அளவுக்குக் குறையாமல் வேக வை. இன்னொன்றையும் கவனி. சில கடைகளில் கறியை மென்மையாக்க மெல்லிய கத்திமுனைகளால் குத்தி விற்கிறார்கள். மேற்பரப்பில் மட்டும் இருக்க வேண்டிய கிருமி அப்படிக் குத்தும்போது உள்ளே போய்விடலாம். 2016 முதல் அப்படிப்பட்ட மாட்டிறைச்சியின் உறையில் அதை அச்சிட வேண்டும் என்பது சட்டம். படித்துப் பார்த்து வாங்கு, அதை யாருக்கும் அரைவேக்காட்டில் கொடுக்காதே.

கரி அடுப்பின் புகை மணம் இந்தக் கல்லில் கிடைக்காது. அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் கம்பி அடுப்பில் கோடு கோடாக மட்டும் விழும் சிவப்பு, இங்கே ஓரத்திலிருந்து ஓரம் வரை முழுப் பரப்பிலும் படிகிறது. ஜப்பானியரின் டெப்பன்யாகி என்ற சொல்லுக்கே இரும்புத் தகட்டில் சுட்டது என்றுதான் பொருள். கோபே நகரத்து மிசோனோ உணவகம் 1945 முதல் மாட்டிறைச்சியை அப்படித்தான் சுட்டுக் கொடுத்துவருகிறது. நீ கையில் வைத்திருப்பது குறைபட்ட கருவி என்று எண்ணாதே.

மிளகை முன்பே தூவாதே. அந்தச் சூட்டில் கருகிக் கசக்கும், எடுத்த பிறகு தூவு. வெண்ணெயும் அப்படியே, அதிலுள்ள பால்பொருள் கருகும். பூண்டு நசுக்கிப் போட்டுச் சூடாக்கிய நெய்யைக் கடைசி நிமிடத்தில் மேலே ஊற்றிப் பார். பால்பொருள் நீங்கியதென்பதால் நெய் அந்தச் சூட்டைத் தாங்கும், மணமும் நம்முடையது. எட்டு நிமிடம் பொறுத்திருந்து, தசைநார் ஓடும் திசைக்குக் குறுக்காக அறு.

மழை வந்தால் கல்லைக் கராஜுக்குள் இழுத்துக்கொண்டு போகாதே. கதவு திறந்துதானே இருக்கிறது என்று ஒருமுறை நான் அப்படிச் செய்தேன். சில நிமிடங்களில் வீட்டுக்குள் இருந்த கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறியது. உள்ளே குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒலி இன்னும் என் காதில் இருக்கிறது.

எல்லாரும் சாப்பிட்டு முடிப்பதற்குள் கல்லைக் கவனித்துவிடு. சூடு தணியுமுன் தண்ணீர் ஊற்றிச் சுரண்டி, கழிவைப் பின்னால் உள்ள கிண்ணத்தில் தள்ளி, உலரத் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசு. மினுமினுப்பு தெரிந்தால் எண்ணெய் அதிகம், இன்னும் துடை. புதிய தோசைக்கல்லை அம்மா பாதி வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்துத் தேய்த்துப் பழக்குவார் அல்லவா, அந்தப் பழக்கம்தான் இதுவும். ஒவ்வொரு முறை சுடும்போதும் எண்ணெய் இறுகிக் கருமை கூடும், ஒட்டுவது குறையும்.

வெள்ளி இரவே உப்பிட்டு வை. சனிக்கிழமை மாலை கல் காயத் தொடங்கியதும் வீடியோவில் கூப்பிடு. துளி எப்படி ஓடுகிறது என்று நானும் பார்க்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்