மார்பகப் புற்றுநோயில் மருந்து கேட்காமல் போவது ஏன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்பகப் புற்றுநோய்க்கான இலக்கு மருந்துகள் பற்றிய உங்கள் கட்டுரையில், நாளடைவில் உடம்பு மருந்துக்குப் பழகிவிடுகிறது என்ற கருத்து வந்திருந்தது. பலரும் நம்புவதுதான். ஆனால் இதை நம்பி, கொஞ்ச நாள் நிறுத்திவைத்தால் மருந்துக்கு மறுபடி வேகம் வரும் என்று மாத்திரையைத் தாங்களாகவே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாறுவது உடம்பு இல்லை, கட்டி. அதில் உள்ள கோடிக்கணக்கான செல்கள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. மருந்துக்கு அடங்குபவை சாக, அடங்காத சில மிஞ்சிப் பெருகுகின்றன.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (அந்த ஹார்மோன் வந்து ஒட்டும் புரதம்) உள்ள வகையை எடுத்துக்கொள்வோம். மார்பகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 70 சதவீதம் இதுதான். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகள் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே அடைக்கின்றன. ஏற்பிக்கான இ.எஸ்.ஆர்.1 மரபணு மாறி, புரதத்தின் 537 அல்லது 538ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மட்டும் வேறாகிவிட்டால், ஈஸ்ட்ரோஜன் இல்லாமலே ஏற்பி இயங்கத் தொடங்கிவிடும். பூட்டு தானாகவே திறந்து கிடக்கும்போது சாவிப் பட்டறையை மூடி என்ன பயன்? முதலில் அறுவை செய்து எடுத்த கட்டியில் இந்த மாற்றம் அரிது. இம்மருந்துகளை நெடுநாள் எடுத்தபின் பரவிய நோயில் அடிக்கடி தென்படுகிறது. ஆகவே மெழுகில் பதித்துவைத்த பழைய திசு பிளாக்கைத் தேடிப்பிடித்துச் சோதிப்பதில் பெரும்பாலும் பலனில்லை. இம்மாற்றம் உள்ளவர்களுக்கென்றே எலாசெஸ்ட்ரன்ட் மாத்திரைக்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இதே வகைக்குத் தரும் பால்போசிக்ளிப், ரைபோசிக்ளிப் போன்ற மருந்துகள் ஆர்.பி. என்ற தடுப்புப் புரதத்தின் வழியாகவே செல் பிரிவதை நிறுத்துகின்றன. அந்தப் புரதத்தையே செல் இழந்துவிட்டால் மருந்துக்கு அங்கே வேலை இல்லை. ஹெர்-2 என்ற வளர்ச்சி ஏற்பி மிகுந்த வகையில், டிரஸ்டுஸுமாப் ஊசி மருந்து பற்றிக்கொள்ளும் வெளிப்பகுதி இல்லாத குறை ஏற்பிகள் உருவாகலாம். அல்லது ஏற்பிக்குக் கீழே உள்ள பி.ஐ.3.கே. என்ற வளர்ச்சிச் சமிக்ஞைப் பாதை தனியே ஓடத் தொடங்கலாம். அந்தப் பாதையை அடைக்கும் அல்பெலிசிப்பில் வேறொரு சிக்கல். அது ரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது. கணையம் இன்சுலினைக் கொட்டுகிறது. இன்சுலினோ அதே பாதையைத் திரும்ப முடுக்கிவிடுகிறது. எலிகளில் இது தெளிவாகவே காட்டப்பட்டிருக்கிறது. சர்க்கரை ஏறினால் முதலில் மெட்ஃபார்மின், இன்சுலின் கடைசியில் என்று வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டியைக் குறை சொல்லும் முன் மருந்து ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்றும் பார்க்க வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினைச் சேர்த்து எடுத்தால் ரத்தத்தில் பால்போசிக்ளிப்பின் மொத்த அளவு ஏறத்தாழ 85 சதவீதம் குறைந்துவிடும். வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின் மாத்திரைகளும் அந்த ரகமே. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 6 மி.கி. போடும் டிரஸ்டுஸுமாப் ஊசி ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால், வழக்கமான அளவோடு தொடரக் கூடாது. மீண்டும் 8 மி.கி. தொடக்க அளவு போட்டுத்தான் தொடர வேண்டும்.

இதையெல்லாம் சரிபார்த்தும் நோய் வளர்கிறது என்றால், அடுத்த மருந்தை ஊகத்தில் எழுதாமல், இயன்றவரை பரவிய இடத்திலிருந்தே மறு பயாப்ஸி எடுப்பது முறை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் ஹெர்-2வும் முதல் அறிக்கையில் இருந்தபடியே இப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. எடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள் திசுவைக் கெடாமல் காக்கும் 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் விழ வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் அதில் ஊற வேண்டும். எலும்புத் திசுவில்தான் அதிகம் கெடுகிறது. சுண்ணாம்பு நீக்க வீரியமான அமிலத்தில் போட்டால் டி.என்.ஏ. சிதைந்து, பிறகு செய்யும் மரபணுப் பரிசோதனை வீணாகும். அமிலத்துக்குப் பதிலாக மென்மையான இ.டி.டி.ஏ. கரைசலில் போட்டால் நாள் கூடுதலாகும், ஆனால் திசு பிழைக்கும். பரிசோதனைப் படிவத்திலேயே மருத்துவர் இ.டி.டி.ஏ. வேண்டும் என்று குறிப்பிட்டுவிடுவது நல்லது.

திசு எடுக்க வழியில்லாத இடத்தில் ரத்தத்தில் மிதக்கும் கட்டி டி.என்.ஏ.வைச் சோதிக்கலாம். அதில் மாற்றம் தென்பட்டால் நம்பலாம். தென்படவில்லை என்றால், கட்டி போதிய டி.என்.ஏ.வை ரத்தத்தில் விடாததாலும் அப்படி வரும்; அந்தத் தாளை வைத்து மாற்றமே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

இப்படிக்கு,
நோயியல் மருத்துவர் ஒருவர்