டெக்ஸ்ட் என்றால் நெய்தது

அன்புள்ள அம்முணிக்கு,

அப்பா எழுதுவது. கைப்பேசியில் வரும் செய்தியையும் 'டெக்ஸ்ட்' என்கிறார்கள், நாம் நெய்கிற துணியையும் 'டெக்ஸ்டைல்' என்கிறார்கள், இரண்டும் ஏனப்பா ஒன்றுபோல ஒலிக்கின்றன என்று போன ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். தறியில் போர்வை பாதியில் நின்றதால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. சென்னிமலையில் தறிக்குழியில் காலை விட்டே வயதான எனக்கு, அந்தக் கேள்வி இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், கண்ணு. லத்தீன் மொழியில் 'டெக்ஸெரெ' என்றால் நெய்தல். 'டெக்ஸ்டுஸ்' என்றால் நெய்யப்பட்டது. முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் பேச்சுக்கலை கற்பித்த குவின்டிலியன், சொற்கள் ஒன்றோடொன்று பின்னி நிற்கும் அமைப்புக்கு இந்தச் சொல்லைக் கையாண்டிருக்கிறார். பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது ஆங்கிலத்துக்கு வந்தபோது, விளக்கவுரையிலிருந்து பிரித்துச் சொல்லப்படும் மூல வாசகத்தை, குறிப்பாக விவிலிய வாசகத்தைக் குறித்தது. 'டெக்ஸ்டைல்' 17-ஆம் நூற்றாண்டில் வந்தது. 1992 டிசம்பர் 3-ஆம் நாள் நீல் பாப்வொர்த் என்ற பொறியாளர் ஒரு கைப்பேசிக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினாரே, அந்த முதல் குறுஞ்செய்தியின் வழிவந்தவைதாம் நீ எனக்கு அனுப்புகிறவையும்.

என் மனம் நின்றது, ஒரு பேச்சின் முன்பின் தொடர்பைக் குறிக்கும் 'கான்டெக்ஸ்ட்' என்ற சொல்லில்தான். சேர்த்து நெய்தல் என்பது அதன் மூலப்பொருள். தறியில் நெடுக்காக ஓடும் பழைய பாவு தீரும்போது உன் அப்பாரு (என் அப்பா) விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழைய இழையின் நுனியையும் புதிய இழையின் நுனியையும் சேர்த்து முறுக்கி, ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பதைச் சிறுவயதில் நீ அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். ஓர் இழையை மட்டும் உருவி எடுத்தால் கையில் மிஞ்சுவது நூல்தான். அது கோடாக ஓடியதா, கட்டமாக விழுந்ததா என்பதைப் போர்வைதான் சொல்லும். ஒருவர் பேச்சில் ஒரு வரியை மட்டும் உருவிக்கொண்டு வழக்காடுகிறவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது.

நம் மொழியிலும் 'நூல்' என்பது இழைக்கும் பெயர், ஏட்டுக்கும் பெயர். நன்னூல் தந்த பவணந்தி முனிவர் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்தவர் என்பது நம் பகுதி வழக்கு. அந்த நூலின் பாயிரத்தில், சொல்லே பஞ்சு, புலவனே நூற்கும் பெண், வாயே கை, அறிவே நூல் நூற்கும் கதிர் என்று ஒரு வெண்பா வருகிறது. ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிய உவமை இது என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை. ரோமர்கள் தறியைப் பார்த்தார்கள்; நம்மவர்கள் அதற்கும் முந்திய கதிரைப் பார்த்தார்கள். நூற்கிற கையை மறக்காத நம் சொல் எனக்கு ஒரு படி கூடுதலாகவே பிடித்திருக்கிறது.

பாதியில் நின்ற அந்தப் போர்வையை முடித்து, உனக்கே அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். வலப்பக்கக் கரையில் ஓரிடத்தில் குறுக்கிழையான ஊடை சற்றுத் தளர்ந்திருக்கும். நீ தொலைபேசியில் அழைத்தபோது ஊடையை ஓட்டும் நாடாவை நான் நிறுத்திய இடம் அதுதான்.

அன்புடன்,
அப்பா