நடுவில் ஒரு தலையணை

ஆசிரியருக்கு,

எனக்கு இருமுனை மனநிலைக் கோளாறு, அதாவது மனம் சில காலம் அளவுக்கு மீறித் துள்ளும், சில காலம் அப்படியே விழுந்துவிடும். ஒன்பது வருடமாக லித்தியம் குளிசை எடுக்கிறேன். மனம் துள்ளும் நாட்களில் என் கணவருடைய கை தோளில் பட்டாலே சுட்டதுபோல இருக்கும். சட்டைத் தையல்கூட உறுத்தும். (காலி வீதியில் நெரிசலான நூறாம் நம்பர் பஸ்ஸைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.) சிலவேளை நேர்மாறு, நானே அவரை விடமாட்டேன். மனம் விழுந்துவிட்டாலோ ஒன்றுமே வேண்டாம். "என்னில வெறுப்போ?" என்று ஒருநாள் கேட்டார். அன்றிரவு நடுவில் வைத்த தலையணை இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

கிளினிக்கில் நித்திரை, பசி, இரத்தப் பரிசோதனை எல்லாம் விசாரிக்கிறார்கள், இந்தத் தொடுகை விஷயத்தை மட்டும் கேட்பதில்லை. பக்கத்தில் பத்துப் பேர் நிற்க நானாக எப்படிச் சொல்வது? கதவைச் சாத்திவிட்டு எங்கள் இருவரையும் இருத்திப் பத்து நிமிடம் கதைத்தால் போதும்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகி