கண்ணீரை முதலில் அளக்கச் சொல்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள சாந்தி,

கடிதம் கிடைத்தது. மகள் செந்தூலுக்கே வீடு மாறி வந்துவிட்டாளா? படித்ததும் மனம் குளிர்ந்தது. இங்கே எல்லாரும் நலம். அவருக்குத்தான் மழை வந்தால் முட்டிவலி.

உன் நாய் டாஃபிக்குக் கண்ணில் பீளை தள்ளுகிறது, சொட்டு மருந்து விட்டால் அடங்கி, நிறுத்தினால் திரும்பி வருகிறது என்று எழுதியிருந்தாய். எங்கள் ராஜாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. பீளை வழியும் கண்ணை வறண்ட கண் என்று யார் நினைப்பார்கள்? ஆனால் கண்ணீர் குறைந்தால்தான் சளி கெட்டியாகி, மஞ்சளும் பச்சையுமாக ஒட்டிக்கொள்கிறது. பெரும்பாலும் உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர்ச் சுரப்பியைத் தாக்குவதால் வரும் நோய் இது. ராஜா மாதிரி காக்கர் ஸ்பானியலுக்கும், டாஃபி மாதிரி ஷிட்சூவுக்கும் அதிகம் வரும். அதனால்தான் எனக்குச் சந்தேகம்.

இன்னொரு பாட்டில் சொட்டு வாங்குவதற்கு முன், கண்ணீரை அளக்கும் ஷெர்மர் சோதனையைச் செய்யக் கால்நடை மருத்துவரிடம் சொல். கீழ் இமைக்குள் காகிதப் பட்டை ஒன்றை ஒரு நிமிடம் வைப்பார்கள், அவ்வளவுதான். 15 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் கவலை இல்லை. 10-க்குக் கீழே போனால் வறட்சி, 5-க்குக் கீழே என்றால் கடுமை. ராஜாவுக்கு இடது கண்ணில் 4தான் வந்தது. கிளம்பும் நேரத்தில் கண்ணில் எதையும் விடாதே, அளவு தப்பிவிடும்.

ராஜாவுக்குச் சைக்ளோஸ்போரின் களிம்பு, காலையும் மாலையும். சுரப்பியைத் தாக்குவதை அது அடக்கும், கண்ணீர் மெல்ல ஊறும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், பொறுத்துக்கொள். முதலில் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் பீளையைத் துடைத்து, செயற்கைக் கண்ணீர் விட்டு, பத்து நிமிடம் கழித்துக் கடைசியாகக் களிம்பு. கண் பளிச்சென்று ஆனதும் நிறுத்தத் தோன்றும். நிறுத்தாதே சாந்தி, பெரும்பாலும் ஆயுள் முழுக்கப் போட வேண்டிய மருந்து. கவனிக்காமல் விட்டால் கருவிழியில் கறுப்புப் படர்ந்து பார்வையே போய்விடும்.

வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு சொட்டை மட்டும் தொடாதே. கருவிழியில் புண் இருந்தால் அது பெரிய ஆபத்து. திடீரென்று கண்ணை இடுக்கினால் அன்றைக்கே கிளினிக்குக் கொண்டு போ.

புகைமூட்டம் உள்ள நாட்களில் ராஜாவை வெளியே விடுவதில்லை, மின்விசிறிக்கு நேரே படுக்கவும் விடுவதில்லை. நீயும் அப்படியே செய்.

சோதனையில் எவ்வளவு வந்தது என்று இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக எழுது. காத்திருப்பேன்.

அன்புடன்,
மாலா