பருவ இறுதிக் கடிதம்: தரைப்பாலம் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

பருவம் முடியப் போகிறது. பிள்ளைகள் நன்றாகவே படித்திருக்கிறார்கள், திருத்திய விடைத்தாள்களை வகுப்பாசிரியர்கள் இந்த வாரமே கொடுத்துவிடுவார்கள். விளையாட்டுப் போட்டியில் பரிசு வாங்கியவர்கள், அறிவியல் கண்காட்சிக்கு உழைத்தவர்கள், ஓவியம் வரைந்தவர்கள் எல்லாருக்கும் பாராட்டுகள். நூலகத்தில் நனைந்துபோன கீழ்த்தட்டுப் புத்தகங்களைப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து உலர்த்திக் கொடுத்தார்கள், அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

சரி, இப்போது ஆற்றுக்கு வருகிறேன்.

மழை வந்ததில் நம் எல்லாருக்குமே சந்தோஷம்தான். கிணறு வற்றி, குடத்தோடு வரிசையில் நின்று, பள்ளித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே காலை வழிபாட்டைத் தொடங்கிய வறட்சிக் காலத்தை யாரும் அவ்வளவு சீக்கிரம் மறக்க முடியாது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் பலருக்கு இந்த ஆறு என்றாலே மணல்தான், பந்து விளையாடும் இடம்தான். அதில் கரை தொட்டுத் தண்ணீர் ஓடுவதை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் நீண்ட வறட்சிக்குப் பிறகு வருகிற வெள்ளம் எப்படிப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

காய்ந்து இறுகிப்போன மண் முதல் மழையை உள்ளே இழுத்துக்கொள்ளாது. புல்லும் செடியும் கருகிப்போனதால் தண்ணீரைத் தடுத்து நிறுத்தவும் எதுவும் இருப்பதில்லை. பெய்ததில் பெரும்பகுதி மேலோடு வழிந்து ஒரே நேரத்தில் ஆற்றுக்கு வந்து சேர்கிறது. ஆறு காய்ந்து கிடந்தபோது அதற்குள் முளைத்த புதர், கொட்டிய குப்பை, விழுந்த மரம் எல்லாம் சேர்ந்து வந்து பாலத்துக் குழாய்களை அடைக்கும்போது தண்ணீர் மேலே ஏறிப் பாய்கிறது. இது நமக்கு மட்டும் நடப்பதும் இல்லை. 2012 ஏப்ரல் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பல பகுதிகளில் வறட்சி என்று தோட்டத்துக்கும் கார் கழுவவும் ரப்பர் குழாயில் தண்ணீர் விடக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள், அதே மாதம் அந்த நாட்டில் 1910 முதல் உள்ள பதிவுகளிலேயே அதிகம் மழை பெய்த ஏப்ரலாக முடிந்தது, அப்புறம் வெள்ளமும் வந்தது. அதனால் இத்தனை வருஷம் வராத ஆறு இப்போது என்ன செய்துவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

என் கவலை தரைப்பாலம். தண்ணீர் பாலத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்த நாட்களிலும் அக்கரையிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். முன்னால் ஒன்று பின்னால் ஒன்று உட்காரவைத்து இருசக்கர வண்டியில் கூட்டி வந்தவர்களும் உண்டு, கையைக் கோத்துக்கொண்டு தாங்களாகவே நடந்து வந்த பிள்ளைகளும் உண்டு. யார் என்று இங்கே எழுதப் போவதில்லை. ஏன் வருகிறீர்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. பெரிய பாலம் வழியாகச் சுற்றினால் வேலைக்குப் போக நேரமாகிவிடும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, தேர்வு வேறு. முழங்கால் அளவு கூட இல்லையே, நமக்குத் தெரியாத ஆறா என்ற நினைப்பும் இருக்கும்.

ஓடுகிற தண்ணீருக்கு முழங்கால் அளவு தேவையே இல்லை. வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே ஒரு பெரியவரைக் கீழே தள்ளிவிடும், அதில் உங்கள் பிள்ளை எம்மாத்திரம்? 30 சென்டிமீட்டர் இருந்தால் சின்ன காரையே தூக்கிவிடும், 60 சென்டிமீட்டர் போதும், பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நான்கு மடங்கு, இதை உங்கள் வீட்டுப் பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டாலே விளக்கிச் சொல்வான். இதற்கெல்லாம் மேலாக, கலங்கிய தண்ணீருக்கு அடியில் பாலம் முழுசாக இருக்கிறதா, ஓரம் அரித்துப்போய்விட்டதா என்று கரையில் நிற்கும் யாராலும் சொல்ல முடியாது. இங்கே மழை விட்டு வெயில் அடித்தாலும் மேலே பெய்த மழை பல மணி நேரம் கழித்துத்தான் வந்து சேரும். காலையில் கடந்த இடம் மாலையிலும் அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது.

அதனால் நேராகவே சொல்கிறேன். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால், அது எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்த வழியாகப் பிள்ளையைக் கூட்டி வராதீர்கள், அனுப்பவும் அனுப்பாதீர்கள். மாலையில் தண்ணீர் ஏறியிருந்தால் அந்த வழியாகப் போக எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியே விட மாட்டோம், பெற்றோரே வந்து நின்று கேட்டாலும் விட மாட்டோம். இதில் என்னிடம் வாதாட வேண்டாம். உங்கள் கோபத்தைத் தாங்கிக்கொள்வேன், இன்னொன்றை என்னால் தாங்க முடியாது.

வருகைப் பதிவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வெள்ளத்தால் வர முடியாத நாட்களை அப்படியே குறித்துக்கொள்வோம், விட்டுப்போன பாடத்தையும் தேர்வையும் பிறகு நடத்துவோம். காலையில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டால் போதும், போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டாரிடம் சொல்லி அனுப்புங்கள். மாலையில் அக்கரைப் பிள்ளைகள் போக முடியாவிட்டால் யார் வீட்டில் தங்கலாம் என்று ஒரு பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறோம். உங்கள் பிள்ளை யார் வீட்டில் இருந்தால் உங்களுக்கு நிம்மதியோ அந்தப் பெயரை விடுமுறைக்கு முன்பே வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள், மாத்திரை ஏதாவது சாப்பிடுகிற பிள்ளை என்றால் அதையும் எழுதுங்கள்.

விடுமுறையில் பிள்ளைகள் ஆற்றுப் பக்கம் போவார்கள், அது தெரிந்ததுதான். வெள்ளம் வடிந்து அமைதியாகத் தெரியும்போதுதான் எனக்கு இன்னும் பயம், ஏனென்றால் மணலில் இருந்த பள்ளங்கள் தண்ணீருக்குள் மறைந்திருக்கும், இடுப்பளவு என்று இறங்கிய இடத்தில் அடுத்த அடி ஆளுயரம் இருக்கும். நீச்சல் தெரிந்த பிள்ளைக்கும் இதுவேதான். பார்க்க வேண்டும் என்றால் நீங்கள் கூடவே போய், கரையிலிருந்து தள்ளி நின்று காட்டுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்கள் மின்சாரத்தைச் சரிபார்க்காமல் சுவிட்சைத் தொடாதீர்கள், குடிக்கிற தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்துக் கொடுங்கள், காலில் புண் இருக்கிற பிள்ளையைச் சேற்றில் இறக்காதீர்கள். எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது, காய்ச்சல் வந்தால் வெள்ளத் தண்ணீரில் நின்றதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய இருக்கிறார்கள். தண்ணீர் ஏறிய அன்று மாலை, தன் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒரு அம்மா அக்கரைப் பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிப்போய் ராத்திரி முழுக்க வைத்துக்கொண்டார். அவருக்கும் அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் அதற்கு முன் பழக்கம்கூட இல்லை. பாலத்தின் முனையில் கயிறு கட்டி, மழையில் நின்று வண்டிகளைத் திருப்பி அனுப்பிய அப்பாக்கள், மாமாக்கள், திட்டு வாங்கியும் அங்கேயே நின்றார்கள். தன் வீட்டிலேயே சேறு இருக்கும்போது பள்ளி வகுப்பறையைக் கழுவ வந்தவர்களும் இருக்கிறார்கள். புத்தகம் இழந்த பிள்ளைகளுக்குப் பழைய புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் பெயர் சொல்ல வேண்டாம் என்றார்கள், அதனால் சொல்லவில்லை. உங்கள் எல்லாருக்கும் ஆசிரியர்கள் சார்பாகவும் என் சார்பாகவும் மனமார்ந்த நன்றி.

தங்கும் வீட்டுப் பட்டியலுக்கான பெயர்களை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் என் அறைக்கு வரலாம், சுற்றுப் பாதையில்.

அன்புடன்,
தலைமையாசிரியர்