எண்ணெய் உருகுவதை நடிக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைவது காங்கயம் பக்கத்துப் பிள்ளைகள் தினமும் பார்ப்பதுதான். சுமார் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். உறைந்த எண்ணெய் சூட்டில் உருகுவதைத் தொடக்கப் பள்ளியில் நடிக்க வைக்கலாம். ஒவ்வொரு பிள்ளையும் எண்ணெயின் ஒரு துகள்.

16 பேரை நாலு வரிசையாக நெருக்கி நிறுத்தி, தோளில் கைபோட்டு, நின்ற இடத்திலேயே அதிரச் சொல்லுங்கள். அது திண்மம். சூடேற அதிர்வு கூடும், கை விடுபடும். ஆனாலும் உரசிக்கொண்டேதான் நகர வேண்டும், அது திரவம். இங்கேதான் பிசகுகிறது. கை விட்டதும் மூலைக்கொருவராக ஓடிவிடுவார்கள், அது வாயு. சாக்பீசால் அவர்களைச் சுற்றி நெருக்கமாகக் கோடு கிழித்துவிட்டால் ஓட மாட்டார்கள்.

சில பிள்ளைகள் தாங்களே உருகுவதாகத் தரையில் சரிவார்கள். துகள் உருகுவதில்லை, அவற்றுக்கு இடையிலான பிடிதான் தளர்கிறது என்று அப்போதே திருத்துங்கள். வசனம் மனப்பாடம் செய்ய வைத்து ஆண்டு விழா நாடகமாக்குவது வீண் வேலை.

தொடக்கப் பள்ளி ஆசிரியை,
காங்கயம்