சேவியருக்கு, கோரலுக்கு ஆபரேஷன் பண்ண கதை

ஏலே சேவியர்,

நல்லா இருக்கியா. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிதுன்னு அந்தோணி சொன்னான், சந்தோசம். உன் வாய்ஸ் மெசேஜ் எதுக்கும் பதில் வரலன்னு கடுப்புல இருப்ப, திட்டணும்னா மொத்தமா திட்டிரு. இங்கயும் ஒரே ஆஸ்பத்திரி வேலைதான். மனுசனுக்கு இல்ல, என் கடல் மீன் டேங்க்ல வளக்குற கோரலுக்கு, அதாம்ல பவளம்.

சிரிக்காத. நீ சிங்கப்பூர் வந்தப்ப டேங்க் முன்னாடி நின்னுகிட்டு "இத பரோட்டா சால்னால போடலாமால"ன்னு கேட்டியே, காளான் கணக்கா நிக்குமே அந்த டோட்ஸ்டூல் லெதர், அதுதான் படுத்துருச்சு.

மேல பூப்பூவா நீட்டிக்கிட்டு நிக்குமே பாலிப், அதெல்லாம் உள்ள போனதும் நான் பதறல. லெதருக்கு இது வழக்கம்தான், அப்பப்ப சுருங்கி மேல மெழுகு பூசுன மாதிரி பளபளன்னு ஆயிரும், ஒரு வாரம் பத்து நாள் அப்படியே கிடக்கும், அப்புறம் அந்தத் தோல் உரிஞ்சு போயி மேல படிஞ்ச பாசி அழுக்கெல்லாம் அதோட கழண்டு பழையபடி விரிஞ்சிரும். தண்ணிய அலையடிக்க வைக்குற மோட்டார், வேவ்மேக்கர், அத இது பக்கம் கொஞ்சம் திருப்பி விட்டா சீக்கிரம் உரியும், அம்புட்டுதான் வைத்தியம். இத நோய்னு நெனச்சு பாட்டில் பாட்டிலா மருந்து வாங்கி ஊத்துறவங்கதான் ஜாஸ்தி, எந்தக் கடைக்காரன் வேண்டாம்னு சொல்லப் போறான்.

ஆனா இந்தத் தடவ பளபளப்பே இல்ல மாப்ள. தண்டுல ஒரு ரூவா துட்டு அளவுக்கு பிரவுனா ஒரு திட்டு. ஊசி இல்லாத சிரிஞ்ச வச்சு தண்ணிய லேசா அடிச்சேன், சதை தூள்தூளா கழண்டு மிதக்குது. சிரிஞ்ச மோந்து பாத்தா அழுகுன முட்ட வாடை. அப்புறம் என்ன சந்தேகம், இது உரியல, அழுகுது.

சரி ஏன் அழுகுதுன்னு ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ணா எல்லாம் ஒழுங்கா இருக்கு. உப்பு சரியா இருக்கு, அதுவும் உப்பு அளக்குற மீட்டர மொதல்ல சரிபாத்துட்டுத்தான் பாத்தது. சூடு 26, இந்த ஊர் வெக்கைக்கு சில்லர் ஓடலன்னா 30க்கு மேல போயிரும். அல்கலினிட்டி, அதான் தண்ணியோட காரத்தன்மை, அதுவும் சரி. மீன் கழிவுல இருந்து வர்ற நைட்ரேட் கொஞ்சம் இருக்கு, லெதர் மாதிரி சாஃப்ட் கோரலுக்கு அது இருந்தாத்தான் நல்லது, தண்ணி ரொம்ப சுத்தமா இருந்தாலும் அதுங்க வாடும். இங்க பைப் தண்ணியில கிருமி சாகப் போடுற குளோரமைன் இருக்கும், ஆனா நான் ஊத்துறது ஆர்ஓ தண்ணி. அப்புறம் பாத்தா நத்தை ரெண்டு கண்ணாடில ஒட்டாம கீழ கவுந்து கிடக்கு. மீனு ஜாலியா சுத்துது, நத்தைக்கும் கோரலுக்கும் மட்டும் சீக்குன்னா மொதல்ல உலோகத்தத்தான் சந்தேகப்படணும். ஒவ்வொரு சாமானா வெளிய எடுத்தேன். வேவ்மேக்கரோட உள்பக்கத்து மேக்னெட், அந்த பிளாஸ்டிக் உறை வீங்கி வெடிச்சு உள்ள காந்தம் துருப்பிடிச்சு உதிருது! வெளிய இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது.

அத தூக்கிப் போட்டுட்டு, தண்ணி மாத்தி, விஷத்த உறிஞ்சுற கார்பனும் உலோகத்த இழுக்குற ரெசினும் ஓட விட்டேன். ஆனா அழுகல் ஆரம்பிச்ச பிறகு தண்ணிய மாத்துனா மட்டும் நிக்காது, அறுக்கணும். புது பிளேடு, கையில கிளவுஸ், கண்ணுக்குக் கண்ணாடி. அழுகுன இடத்த ஒட்டி அறுக்கக் கூடாது, நல்ல சதைக்குள்ள தள்ளி அறுக்கணும். உள்ள வெள்ளை வெளேர்னு இருக்கு, பிளேடு போகப் போக நறநறன்னு ஒரு சத்தம், சதைக்குள்ள பொடிப்பொடியா சுண்ணாம்பு முள்ளு இருக்குல்ல, அதான். உன் தங்கச்சி அந்தச் சத்தத்தக் கேட்டுட்டு "கிச்சன்ல வச்சு பண்ணாதீங்கன்னு எத்தன தடவ சொல்லுதேன்"னு கதவ அடச்சிட்டா.

அப்புறம் டேங்க் தண்ணியையே ஒரு டப்பால எடுத்து லூகால்ஸ் அயோடின்னு கிருமி கொல்ற மருந்து விட்டு வெளுத்த டீ நிறத்துக்குக் கொண்டுவந்து பத்து நிமிசம் முக்கி, வேற தண்ணில அலசி எடுத்தேன். சூப்பர் குளு இதுல நிக்காது, ஒரே கோழை. அந்தோணி குடுத்த தூண்டி நரம்பு இருந்துச்சு, அத ஊசில கோத்து ஒரு சின்னக் கல்லோட தளர்வா தச்சு விட்டேன், இறுக்குனா நரம்பே சதைய அறுத்துரும். அறுபட்ட லெதர் விஷத்தக் கக்கும், பக்கத்துல இருக்குற மத்த கோரலுக்கு ஆகாது, அதனால கார்பன இன்னும் எடுக்கல. இப்ப ஓரத்துல பாலிப் எட்டிப் பாக்க ஆரம்பிச்சிருக்கு. மிச்சம் நின்ன அடித்தண்டுலயும் வெட்டுன இடம் ஆறிட்டு வருது, அது தனியா ஒரு தலை முளைச்சாலும் முளைக்கும்.

ஒருகாலத்துல நம்ம தூத்துக்குடி வான் தீவு பக்கம் பவளத்த வள்ளம் வள்ளமா வெட்டிக் கொண்டாந்து சுண்ணாம்பு சுட்ட ஊர்க்காரன், இங்க ஒத்த கோரலுக்கு அயோடின் போட்டுட்டு இருக்கேன். உன் தாத்தா இருந்தா காறித் துப்பியிருப்பாரு.

இப்ப ஒண்ணு சீரியஸா சொல்லுதேன், கேளு. பிரபு டேங்க்ல பட்டன் பாலிப்னு இன்னொரு வகை கோரல் கல்லு பூரா படர்ந்துருச்சாம், கல்ல வெளிய எடுத்து வெந்நீர்ல வேக வச்சு பிரஷ் போட்டுத் தேய்க்கப் போறானாம். வேண்டாம்னு நீ நேர்ல போயி சொல்லு, நான் சொன்னா அந்தப் பய கேக்க மாட்டான். அதுல சில வகையில பாலிடாக்சின்னு ஒரு விஷம் இருக்கு, ஆவியா மூச்சுல போனாலே போதும், காய்ச்சல், மூச்சுத் திணறல், உசுருக்கே ஆபத்து. 2018ல இங்கிலாந்துல ஆக்ஸ்போர்ட்ஷயர்ல ஒரு வீட்ல டேங்க் கல்ல வெளிய எடுத்து சுத்தம் பண்ணி, குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போச்சு, உதவிக்கு வந்த ஃபயர் சர்வீஸ்காரங்களும் சேத்து. அவன் வீட்ல கைப்புள்ள இருக்கு. இத தள்ளிப் போடாத, இன்னைக்கே போ.

பொங்கலுக்கு வாரேன். நீ அதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் வந்தா மக்ரூன் கொண்டு வா, போன தடவ மாதிரி ஏர்போர்ட்லயே தின்னுட்டு வெறும் டப்பாவ நீட்டாத.

ஜெயராஜ்